தேறாத பதினேழு மாவட்டங்கள்

லண்டனுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் தவநாயகி பக்கிங்ஹாம் அரண்மனையைப் பார்த்ததில்லை. ஊரிலிருந்து இரண்டு கிழமைக்கு வந்து போகிறவர்கள்கூட அதன் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இவளுக்கோ நோர்போக்கில் எத்தனை அடிக்குக் கீழே களிமண் தொடங்குகிறது என்று தெரியும். லிங்கன்ஷயரில் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாடை அடிக்கிறது, கேம்பிரிட்ஜ்ஷயரில் எந்த வாய்க்கால் உடைந்தால் எந்தக் கிராமம் மூழ்கும், சபோக்கில் எந்தப் பெற்றோல் நிலையத்துக் கழிப்பறைக் கதவுக்குக் கொளுக்கி இல்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்த அறிவை அவள் ஆசைப்பட்டுத் தேடவில்லை. கட்டிய மனுசன் சனிக்கிழமைகளில் காரில் ஏற்றிக்கொண்டுபோய்த் தலையில் கட்டியது.

மனுசனின் பெயர் வைத்தியநாதன். இல்போர்ட்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் ஷிப்ட். அதற்கு முன்னர் இலங்கையில் காணி உத்தியோகத்தராக இருந்தவர். அரசாங்கம் காடு வெட்டிக் குடியேற்றத் திட்டம் திறக்கும்போது காணிக் கச்சேரி என்று ஒன்று வைப்பார்கள். காணி கேட்டு வந்தவர்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையாக இருத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று புள்ளி போடுகிற வேலை. கலியாணம் முடித்தாயிற்றா, எத்தனை பிள்ளை, மண்வெட்டி பிடித்த கையா, எங்கே உள்ளங்கையைக் காட்டு. வவுனியாவில் பதினொரு வருடம் அவர் அப்படி ஆட்களின் உள்ளங்கையைப் பார்த்துக் காலம் தள்ளினார். ஒரு பலாப்பழம்கூடக் கைநீட்டி வாங்கியதில்லை. அவர் போட்ட புள்ளியை மேலிடம் ஒருதரமும் மாற்றியதில்லை என்பதை இன்றைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்லுவார்.

அந்தப் பெருமையோடு கொழும்பில் காணித் திணைக்களத் தலைமைக் கந்தோருக்கு மாற்றலாகி வந்து, வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தார்கள். முன்வீட்டில் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற சிங்களத் தபாலதிபர். பின்பக்கத்து இரண்டு அறைகளில் இவர்கள். தவநாயகி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். எண்பத்துமூன்று ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, தமிழர் வீடுகளை எரித்துக்கொண்டு ஒரு கூட்டம் ஒழுங்கைக்குள் வந்தது. முன்னால் வந்தவன் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அவன் முன்வீட்டைத் தாண்டி நேரே பின்பக்கத்துக்கு வந்தான். இவர்கள் பின்மதிலால் குதித்துத் தப்பினார்கள். இரண்டு அறையும் எரிந்தன, அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள் உட்பட. சான்றிதழ் இல்லாத கணக்கு ரீச்சர் அடுத்த வருடம் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி லோண்டரியில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. இருந்ததும் போனதும் அவர்கள் இரண்டு பேர்தான்.

இதற்குள் பிரிக்ஸ்ரனில் கலவரம் வந்து கடைகள் எரிவதை வைத்தியநாதன் தொலைக்காட்சியில் பார்த்தார். அன்றே முடிவுகட்டிவிட்டார். பட்டணம் என்பது எரிகிற சாமான். லண்டனும் ஒருநாள் எரியும். அதற்குமுன் எங்காவது ஒரு நாட்டுப்புற மாவட்டத்தில் நாலு ஏக்கர் காணி, ஒரு கிணறு, கோழி, ஆடு, உருளைக்கிழங்குப் பாத்தி என்று போய்விட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு கடையின் முகத்தையும் பார்க்காமல் சீவிக்க வேண்டும். வெங்காயம் உரித்தாலே கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பிப் போகிற மனுசன் ஆட்டில் பால் கறப்பதைத் தவநாயகி மனதில் நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே அலுப்பாக இருந்தது.

எண்பத்தேழில் இருவரும் மாறி மாறி ஷிப்ட் செய்து மனோர் பார்க்கில் ஒரு வரிசைவீடு வாங்கினார்கள். வாசல் வீதியைப் பார்த்திருக்கும். பின்னால் ஒரு துண்டு முற்றம். நாலு வாடகை அறைகளில், அடுத்தவர் சமையலறையில் நேரம் பார்த்துச் சமைத்தவளுக்கு அது அரண்மனை. முன்னறைச் சுவருக்கு மஞ்சள் பூசினாள். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்கு நடந்து போகலாம். வேலைக்கு ஒரே பஸ். மாலையில் வந்து தன் கதவில் தன் திறப்பைப் போட்டுத் திருப்பும்போது ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

வைத்தியநாதன் அந்த வீட்டைத் தற்காலிக முகாமாகவே வைத்துக்கொண்டார். படிக்கு அடியில் ஐந்து மூடை அரிசி, பருப்பு, உப்பு, மண்ணெண்ணெய், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, இருபது கலன் தண்ணீர். பழையது முதலில் முடிய வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஈஸ்ட் ஹாமில் இறங்கும் நல்ல அரிசியெல்லாம் படிக்கு அடியில் போய்ப் புழுத்த பிறகே தவநாயகியின் கைக்கு வந்தது. ஆறு வருடமாக அவள் புழு பொறுக்கித்தான் சோறு காய்ச்சினாள். வீடு வாங்கிய வருடத்து ஐப்பசிப் புயலில் மரங்கள் சாய்ந்து, காலையில் வீதி முழுக்க மின்சாரம் இல்லை. வைத்தியநாதன் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து ஐந்து வீட்டுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு காலை அவருக்கு அடுத்த ஆறு வருடத்துக்குப் போதுமாக இருந்தது.

அதற்கடுத்த வசந்தத்தில் மாவட்டம் பார்க்கிற படலம் தொடங்கியது. இங்கே அதைக் கவுண்டி என்பார்கள், ஆனால் வைத்தியநாதனுக்கு எல்லாம் மாவட்டம்தான். பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றை வாங்கிக் காணிக் கச்சேரியில் இருந்ததைப்போலவே ஒரு படிவம் அடித்தார். மண்ணுக்குப் பதினைந்து, தண்ணீருக்கு இருபது, வெளியேறும் பாதைகளுக்கு இருபது, இராணுவ முகாமிலிருந்து உள்ள தூரத்துக்குப் பதினைந்து, ஆஸ்பத்திரிக்குப் பத்து. கடைசி இருபது புள்ளி வாக்காளர் பட்டியலுக்கு. எழுபத்தைந்து எடுத்தால் மாவட்டம் தேறும். ஆளுக்குப் புள்ளி போட்டவர் இப்போது மண்ணுக்குப் புள்ளி போட்டார், கண்டிப்பில் ஒரு குறைச்சலும் இல்லை.

சனிக்கிழமை என்றால் லோண்டரியில் கூட வேலை செய்யும் பெண்கள் ஈஸ்ட் ஹாமில் சீலைக் கடை ஏறி இறங்குவார்கள். தவநாயகி விடிய ஐந்து மணிக்கு இடியப்பம் கட்டிக்கொண்டு காரில் ஏறுவாள். பின்சீற்றில் மண் குத்தி எடுக்க ஓர் இரும்புக் குழாய், தண்ணீர் எடுக்க மூன்று சோடாப் போத்தல். வைத்தியநாதன் வேலியோரம் காரை நிறுத்தி, யாரோ ஒருவருடைய வயலில் குழாயை இறக்கி, வந்த மண்ணை முகர்ந்து பார்ப்பார். துவக்கை நீட்டிக்கொண்டு வந்த கமக்காரர்கள் இரண்டு பேர். ஒருவன் பொலிசையே கூப்பிட்டுவிட்டான். பொலிஸ்காரனிடம் வைத்தியநாதன் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பக்கம் ஒரு கூட்டம் வருவதானால் எந்த வீதியால் வரும் என்பது. தவநாயகி காருக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாவட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கென்ற்றில் அணுமின் நிலையம். எசெக்ஸிலும் அப்படியே. வேல்ஸ் பக்கம் செர்னோபில் மழை விழுந்த மண், அங்கே ஆட்டிறைச்சியையே விற்கவிடவில்லை. கிழக்கே போனால் எங்கே திரும்பினாலும் ஆகாயப்படைத் தளம். முகாமுக்கு ஐந்து மைலுக்குள் யார் குடியிருப்பார்கள் என்று வைத்தியநாதன் வரைபடத்தில் வட்டம் வட்டமாகக் கீறினார். அது இந்த நாட்டுச் சொந்தப் படை, அவர்கள் ஏன் நோர்போக்குக்கு ஷெல் அடிக்கப் போகிறார்கள் என்று தவநாயகி கேட்டுப் பார்த்தாள்.

"யாழ்ப்பாணத்துக்கு ஷெல் அடிக்கிற பலாலியும் எங்கட சொந்த நாட்டுப் படையின்ர முகாம்தான்," என்றார் அவர்.

வாக்காளர் பட்டியல் விவகாரம் நோர்போக்கில் ஒரு சின்னப் பட்டணத்து நூலகத்தில் அம்பலமானது. வைத்தியநாதன் மேசைக்குப் போய், தொண்டையைச் செருமி, இந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியல் எங்கே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டார். அங்கே இருந்த பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். உடனே எழும்பிப்போய்த் தடித்த கட்டொன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"பூட்டெல்லாம் இல்லை. மூதாதையரைத் தேடுகிறீர்களா?" என்று கேட்டாள்.

வைத்தியநாதனின் மூதாதையர் எவரும் நோர்போக் பக்கம் வந்துபோனதாகத் தகவல் இல்லை. அவர் கட்டைத் தொடாமல் நின்றார். "இதை யாரும் பார்க்கலாமோ?"

"யாரும் பார்க்கலாம். வீதி வீதியாக, வீட்டு இலக்கத்தோடு இருக்கிறது. படி எடுக்க வேண்டுமென்றால் மெஷின் அங்கே இருக்கிறது."

அவர் வெளியே வந்து, காரின் மூடியில் படிவத்தை வைத்து, கடைசிப் பெட்டிக்குள் ஒரு பெரிய பூச்சியம் போட்டார்.

"இஞ்சேருங்கோ, இது இந்த நாட்டுச் சட்டம்," என்றாள் தவநாயகி. "எல்லா லைப்ரரியிலயும் இப்பிடித்தான் கிடக்கும். எங்க போனாலும் உங்களுக்குப் பூச்சியம்தான் வரும்."

"அப்ப முழு இங்கிலாந்தும் பெயில்," என்றார் அவர்.

"அப்ப வீட்ட போவம்."

"பாக்காமச் சொல்லேலாது. ஒவ்வொரு மாவட்டமாப் பாத்துத்தான் சொல்ல வேணும். அதுதான் முறை."

அந்த முறையில் அவளுக்குப் பைத்தியம் பிடிக்காதது அதிசயம். தங்கள் மனோர் பார்க் வீட்டுக்குக் கவுன்சில் அனுப்பும் வாக்காளர் படிவத்தையும் அவர் வருடாவருடம் நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். நினைவூட்டல் வரும், அதையும் கிழிப்பார். ஒருதரம் கவுன்சில்காரன் வாசலுக்கே வந்து கேட்டபோது, இந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்று வீட்டு உடுப்போடு நின்று சொன்னார். ஆனாலும் அவள் பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய கண்டிப்பே அவளுக்குக் காவல் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்த இருபது புள்ளி கிடைக்காதவரை எந்த மாவட்டமும் எழுபத்தைந்தைத் தொடாது. தொடாதவரை அவளுடைய மஞ்சள் சுவருக்கு ஆபத்தில்லை. நாலு சனிக்கிழமை வெயிலில் காய்ந்தாலும் பரவாயில்லை, மனுசன் தேடிக் களைக்கட்டும் என்று இருந்தாள்.

தொண்ணூற்றுமூன்று ஆவணியில் அந்தக் கணக்குப் பிழைத்தது. ஷ்ரொப்ஷயரில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், நாலரை ஏக்கரும் ஒரு கல்வீடும் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தது. கிணறு, ஓடை, அப்பிள் தோட்டம். சுற்றிவர இருபது மைலுக்கு முகாம் இல்லை. அந்த ஊரில் நூலகமே இல்லை. கிழமைக்கு ஒருமுறை புத்தக வான் ஒன்று வரும், அதில் பட்டியல் கொண்டுவருவதில்லை என்று வைத்தியநாதன் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டார். போய்ப் பார்க்கும் முன்னரே மனோர் பார்க் வீட்டை விற்க ஆளும் பிடித்துவிட்டார்.

ஆள், ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கஸ்பர். மகளுக்குக் கலியாணம் பேசி முடித்து வீடு தேடிக்கொண்டிருந்தவர். ஒருநாள் தவநாயகி வேலையால் வந்து கதவைத் திறக்க, கஸ்பர் அவளுடைய முன்னறையில் அளவுநாடாவோடு குந்தியிருந்தார்.

"தங்கச்சி, குறை நினைக்கப்படாது. இந்தச் சுவரை இடிச்சா ஹோல் நல்ல பெரிசா வரும், என்ன?" என்றார்.

அவர் கை வைத்தது மஞ்சள் சுவரில். தவநாயகி குடையை மூலையில் எறிந்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். வைத்தியநாதன் பின்னால் வந்தார்.

"லோயரிட்டக் கடுதாசி ரெடி. வீடு ரெண்டு பேரின்ர பேரிலயும் இருக்கிறபடியால் உம்மட கையெழுத்தும் வேணும். சனிக்கிழமை காணியைப் பாப்பம். தேறினா திங்கட்கிழமை வைப்பம்."

"தேறாட்டி?"

"தேறும்."

"நான் வைக்கமாட்டன் எண்டு சொன்னா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. பயந்த முகமாக இருந்தது. "திரும்ப ஒருக்கா அப்பிடி நடந்தா என்னால ஏலாது, தவம்," என்றார். ஒரு மனுசன் இப்படிச் சொன்னால் எப்படி மாட்டேன் என்பது? கையெழுத்து வைக்காமல் விட்டால் அவர் ஒடிந்துபோவார். வைத்தால் வீடு போய்விடும், அவள் ஆடு மேய்க்க வேண்டும். சனிக்கிழமைவரை அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. பாழாய்ப்போன ஷ்ரொப்ஷயரில் அன்றைக்காவது ஒரு வெள்ளம் வரட்டும் என்று முருகனிடம் கேட்டாள்.

வெள்ளம் வரவில்லை. நாலு மணித்தியாலம் ஓடிப் போய் இறங்கியபோது நல்ல வெயில். கல்வீட்டின் சுவர் இரண்டு அடி தடிப்பு. கிணற்றுக்கு மரமூடி போட்டிருந்தது. வைத்தியநாதன் வாளியால் அள்ளி, கையில் ஏந்திக் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மண் கறுப்பு. வெளியேற மூன்று பாதை, ஒன்று மலைக்கு மேலால். அவர் படிவத்தில் எழுத எழுத, பக்கத்தில் நின்று அவள் கூட்டிக்கொண்டே வந்தாள். பழைய கணக்கு ரீச்சர், மனம் தன்பாட்டில் கூட்டியது. மண் பதின்மூன்று, தண்ணீர் பத்தொன்பது, பாதை பதினேழு, முகாம் பதினான்கு. ஆஸ்பத்திரி தூரம் என்று ஐந்தே ஐந்து. அறுபத்தெட்டு. கடைசிப் பெட்டியில் ஏழு விழுந்தாலே போதும்.

கீழே ஊருக்குள் ஒரு தபால் கந்தோர், அதுவே கடை. அதை நடத்துகிறவர் மிசிஸ் பிறைஸ் என்று ஒரு வயதான பெண். கம்பளி நூலும் ஊசியுமாக இருந்தார். வைத்தியநாதன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வாக்காளர் பட்டியலா?" மிசிஸ் பிறைஸ் சிரித்தார். "தபாலில் வரும். எங்கோ உள்ளே கிடக்கிறது, நான் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. இதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை. எந்த வீட்டில் யார் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன?"

வைத்தியநாதனின் பேனை அப்போதே இருபது என்று எழுதிவிட்டது. அவர் காது அத்தோடு மூடிக்கொண்டது. மிசிஸ் பிறைஸ் பேசிக்கொண்டே போனார்.

"நீங்கள் பாலம் கடந்தபோது ஒன்பதரை மணி. நீலக் கார். கீழ்ப் பண்ணைக்காரி உடனே போன் எடுத்துச் சொன்னாள், ஓர் இந்தியத் தம்பதி கல்வீட்டைப் பார்க்க மேலே போகிறார்கள் என்று. நீங்கள் வந்தால் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். சுற்றுவட்டாரத்தில் உங்கள் வீடு தெரியாத ஆளே இருக்கமாட்டார்கள்."

சொல்லிவிட்டு ஒரு பெட்டி பிஸ்கட்டை எடுத்துத் தவநாயகியின் கையில் வைத்து, காசு வேண்டாம் என்று தலையாட்டினார். நல்ல மனுசி. அதில் தவநாயகிக்குச் சந்தேகமே இல்லை.

இருவரும் கடைக்கு எதிரே நிறுத்தியிருந்த காருக்குள் வந்து இருந்தார்கள். "எண்பத்தெட்டுப் புள்ளி," என்றார் வைத்தியநாதன். "ஆறு வருஷம். எண்பத்தெட்டு." அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இப்படி வாய் நிறையச் சிரித்து அவள் பார்த்துப் பத்து வருடமாகிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு தன் வீட்டை நினைத்தாள்.

"மனிசி கடைசியாச் சொன்னதைக் கேட்டனீங்களோ?"

"எது?"

"நாங்கள் பாலம் கடந்த நேரம். காரின்ர நிறம்."

"ஓம். விழிப்பான சனம். எங்களுக்கு அது காவல்தானே."

"இஞ்சேருங்கோ," என்றாள் தவநாயகி. ஆறு வருடத்து அலுப்பும் அவள் குரலில் ஏறியிருந்தது. "கொழும்பில அவங்களுக்கு ஏன் பட்டியல் தேவைப்பட்டது? எங்களைப் பாத்தா அவங்களுக்குத் தெரியாது. அந்த ஒழுங்கையில அவையும் நாங்களும் ஒரே நிறம், ஒரே உடுப்பு. வாசிச்சுத்தான் எங்களைக் கண்டுபிடிச்சவங்கள். இஞ்ச ஆருக்குப் பட்டியல் வேணும்? முப்பது மைலுக்கு நாங்கள் ரெண்டு பேர்தான் கறுப்பு. இந்தச் சனத்துக்கு ஒருநாள் எங்களைப் பிடிக்காமப் போனா ஒருத்தனும் ஒண்டையும் வாசிக்கத் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு வருவாங்கள். மனோர் பார்க்கில எண்டா வீதிக்கு வீதி எங்களை மாதிரி ஆயிரம் பேர். ஆரெண்டு தேடுவாங்கள்?"

சிரிப்பு வைத்தியநாதனின் முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்று பிறகு போயிற்று. மடியில் கிடந்த படிவத்தை எடுத்தார். கடைசிப் பெட்டியில் இருந்த இருபதை ஒரு கோடு போட்டு வெட்டி, பூச்சியம் எழுதி, கீழே அறுபத்தெட்டு என்று திருத்தி, காணிக் கச்சேரியில் செய்வதுபோலப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். தேறவில்லை. பதினேழாவது மாவட்டமும் போயிற்று. அவளுடைய வீடு தப்பியது.

ஆனால் அவளுக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. ஆறு வருடம் மனுசனை எழுப்பி நடமாட வைத்த ஒன்றை இரண்டு நிமிடத்தில் முறித்துப் போட்டுவிட்டோமே என்று இருந்தது. அவர் காரை எடுக்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

"எங்கட பேர் முதல்ல அந்தப் பட்டியலில இருக்கேல்லை, தவம்," என்றார்.

"எந்தப் பட்டியலில?"

"கொழும்பில. எண்பத்திரண்டில வோட்டுக்குப் பேர் எழுத வந்த கிராம சேவகன் முன்வீட்டுக்காரனை மட்டும் எழுதிக்கொண்டு போயிட்டான். பின்னால நாங்கள் இருக்கிறதை அவன் பாக்கேல்லை. நான்தான் கந்தோருக்குப் போய்ச் சத்தம் போட்டனான். அரசாங்க உத்தியோகத்தன்ர பேரை விட்டிட்டாய், என்ன வேலை பாக்கிறாய் எண்டு கேட்டனான். போமை வாங்கி நானே நிரப்பினன். கொட்டை எழுத்தில, பிழையில்லாமல். உம்மட பேரையும் நான்தான் எழுதினன். பின்பக்கம் எண்டும் எழுதினன், தபால் பிழைக்கக் கூடாதெண்டு."

தவநாயகி மடியில் இருந்த பிஸ்கட் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"எழுதாம விட்டிருந்தா அவங்கள் எங்கட வாசலைத் தாண்டிப் போயிருப்பாங்கள்," என்றார். "உம்மட சேர்ட்டிபிக்கற் எல்லாம் இருந்திருக்கும். நீர் இஞ்ச வந்தும் ரீச்சராத்தான் இருந்திருப்பீர். உம்மை லோண்டரிக்கு அனுப்பினது நான்."

"இதைப் பத்து வருஷமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் என்னோட இருந்திருப்பீரோ?"

அவளுக்கு உடம்பெல்லாம் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சான்றிதழுக்காக வந்தது. ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் மடித்த அந்நியருடைய படுக்கை விரிப்புகளுக்காக வந்தது. எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்காக வந்தது. இத்தனை சனிக்கிழமையும் தன் வீடு போய்விடுமோ என்று பயந்துகொண்டு அவள் இந்தச் சீற்றில் இருந்தாள். பக்கத்துச் சீற்றில் இருந்த மனுசனோ, அவள் போய்விடுவாளோ என்று பயந்துகொண்டு கார் ஓட்டியிருக்கிறார். தான் பேர் எழுதி எரியவிட்ட இடத்துக்குப் பதிலாக அவளுக்குப் பிழையில்லாத ஒரு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். அவரை நினைக்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அதே நேரம் அவருடைய தலையில் நாலு குட்டுக் குட்டவும் கை துடித்தது.

"இருந்திருப்பன்," என்றாள். "ரெண்டு மாசம் உங்களோட ஒரு கதையும் கதைச்சிருக்க மாட்டன். சட்டி பானையெல்லாம் போட்டு உடைச்சிருப்பன். என்ர படிப்பைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் அழுதிருப்பன். பிறகும் இருந்திருப்பன். வேற எங்க போறது, ஏன் போறது? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வீட்டுக்குள்ள முடிஞ்சிருக்கும். அதை விட்டிட்டு என்னைப் பதினேழு மாவட்டம் இழுத்தடிச்சிருக்கிறியளே, விசர் மனிசன்!"

வைத்தியநாதன் ஸ்டியறிங்கில் நெற்றியை வைத்து அழத் தொடங்கினார், வாய்விட்டு, தோள் குலுங்க. எதிரே கடை ஜன்னலில் மிசிஸ் பிறைஸ் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலைகள் தெரிந்தன. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தவநாயகி புருஷனின் முதுகில் கையை வைத்தாள்.